கேட்டுவிட்டுத் தொட்டவர்

"போர்வ போத்தட்டுமா தம்பி?"

முதல் நாள் அந்த அக்கா என்னிடம் கேட்டது இதுதான். டயாலிசிஸ் மிஷினில் முதன்முறையாகப் படுக்கப் போகிற பயத்தில் இருந்தவனுக்கு எரிச்சல்தான் வந்தது. போர்வை என்றால் போர்த்த வேண்டியதுதானே, அதற்கு ஒரு விண்ணப்பமா? "ம்" என்றேன். விரித்துக்கொண்டே, "கால மூடட்டுமா, தொறந்து வுடட்டுமா?" என்றார். மூடச் சொன்னேன். "இந்தக் கைக்கு அடியில தலகாணி வெக்கட்டுமா?" வைக்கச் சொன்னேன். நர்ஸ் வந்து ஊசி குத்துவதற்குள் ஆறேழு கேள்வி ஆகிவிட்டது. நான் ஓசூரில் பதினெட்டு வருடம் கம்பெனியில் குப்பை கொட்டியவன், ஷிப்ட் சூப்பர்வைசர். கேட்பது என் வேலை, பதில் சொல்வது அடுத்தவன் வேலை என்று பழகிப்போனவன். நல்லவரிடம் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி குத்துவது, மிஷினைப் பார்ப்பது எல்லாம் நர்ஸ்களின் வேலை. அக்கா அங்கே காண்ட்ராக்டில் இருந்தவர். எடை பார்க்கும் மிஷினில் எங்களை ஏற்றி இறக்குவார், படுக்கைக்கு விரிப்பு மாற்றுவார், வாந்தி எடுத்தால் துடைப்பார். ஐம்பது வயது இருக்கும். அதற்கு முன் பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்தாராம். முழங்கை வரைக்கும் முள் கிழித்த பழைய கோடுகள் இருந்தன. தினமும் குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருவார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளம். யார் எந்த மொழியில் முனகுகிறாரோ அந்த மொழியில் அவரிடம் கேட்பார்.

சட்டையில் ஒரு பெயர் அட்டை குத்தியிருப்பார். அது அவர் பெயரே இல்லை. வேலையை விட்டுப்போன யாரோ ஒரு பெண்ணின் அட்டையை காண்ட்ராக்டர் இவருக்குக் கொடுத்துவிட்டாராம். "புதுசு வர்றவரைக்கும் இதுதான்" என்று சிரித்தார். நான் அவரைப் பார்த்த ஒன்றரை வருடத்தில் புதுசு வரவே இல்லை. அப்படியானால் உங்கள் பெயர் என்ன என்று நானும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா.

எங்கள் வரிசையில் கடைசிக் கட்டிலில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒருவர் படுத்திருப்பார். அவரைப் புரட்டும்போதுகூட அக்கா கேட்பார். "அய்யா, இந்தப் பக்கமா திருப்பட்டுமா?" கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் ஒரு நிமிடம்கூட ஆகும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருதான் பேசவே மாட்டாரே அக்கா, என்னாத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கீங்க?"

"வாயிதான் போச்சு. கண்ணு இருக்குதில்ல? வேணாம்னா கண்ண இறுக்கி மூடிக்குவாரு. நீ பாத்ததில்லியா?"

நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கவனித்தேன். சில தடவை மூடிக்கொண்டார். அப்போதெல்லாம் அக்கா, "சரி, செத்த நேரம் கழிச்சு வரேன்" என்று போய்விடுவார்.

எங்களுக்கு இரண்டாவது ஷிப்ட், பதினொன்றரையிலிருந்து மூன்றரை. நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்கிறவர்களுக்குச் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு வெளிநாட்டுத் தொடர் தமிழில் பேசிக்கொண்டு வரும். ஆகாயத்தில் மிதக்கிற ஒரு நகரம். அதற்கு ஒரு தளபதி. அவனுக்கு வயது இருநூற்றுச் சொச்சம், ஆனால் பார்த்தால் முப்பத்தைந்துதான் சொல்லலாம். ஆயுசு குறையும்போதெல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் போய்ப் படுப்பான். பக்கத்துப் பெட்டியில் அவன் மனைவி படுப்பாள். காலையில் அவனுக்கு வயது குறைந்திருக்கும், அவளுக்குத் தலைமுடி கொஞ்சம் நரைத்திருக்கும். அந்த நகரத்தின் சபையில் உட்கார்ந்து பெரிய பெரிய ஆட்களெல்லாம் விவாதம் பண்ணுவார்கள். ஒரு மனிதன் எத்தனை வருடம் வாழலாம், கிழவர்கள் போகாவிட்டால் பிறக்கிற குழந்தைக்கு இடம் ஏது, இப்படி வாரக்கணக்கில் போகும்.

மிஷினில் படுத்துக்கொண்டு இதைப் பார்க்கிற எங்களுக்கு அது கதையாகவா இருக்கும்? ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் இன்னொரு குழாயில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நாங்களும் பெட்டிக்குள் இருக்கிறவர்கள்தானே! அதனால் வார்டே அந்தச் சபையாகிவிடும்.

என் பக்கத்துக் கட்டிலில் பாரூர்ப் பெரியவர் ஒருவர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்தவர். அவருக்குத் தளபதியைக் கண்டாலே ஆகாது. "எங்கூர்ல வாய்க்காத் தண்ணிக்கு மொற இருக்குதுப்பா. மொற முடிஞ்சா மடைய அடைச்சுடணும். இவன் அடைக்கவே மாட்டேங்கறான். அப்பறம் கடமடைக்காரன் எங்க போவான்?" என்பார்.

நான் தளபதி கட்சி. "வாழ வழி இருக்கறப்ப எவன் சாவான்? வழி கண்டுபுடிச்சது பயன்படுத்தத்தானே?" என்பேன்.

அக்கா இரண்டு கட்சியிலும் சேரமாட்டார். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, துடைப்பத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார். மனைவி பெட்டிக்குள் போய்ப் படுக்கிற காட்சி வந்தால் மட்டும் டிவியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்.

"ஏண்டா, அவளக் கேட்டீங்களாடா?"

வார்டில் எல்லோரும் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். "எரநூறு வருசம் இருக்கட்டும், முன்னூறு இருக்கட்டும், இருந்துட்டுப் போவட்டும். அதப்பத்தி எனக்கென்னா? ஆறு வாரமா பாக்கறேன், இத்தன பேரு கோட்டு போட்டுக்கினு பேசறானுங்க. ஒருத்தனாச்சும் அந்தப் பொம்பளயக் கூப்புட்டு, ஏம்மா உனக்கு இஷ்டமான்னு கேக்கறானா பாரு."

"கட்டின பொண்டாட்டி அக்கா. அவளே வந்து படுக்கறா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

இதைச் சொன்னவன் நான். சொன்னதற்குக் காரணமும் இருந்தது. அந்த மாதம்தான் எங்கள் வீட்டில் மாற்றுச் சிறுநீரகப் பேச்சு முடிவாகியிருந்தது.

என் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவர் கொடுக்க முடியாது. தம்பிக்கு ரத்தம் பொருந்தியது, ஆனால் கல்யாணம் ஆகாதவன், ஒற்றைச் சிறுநீரகம் என்றால் எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா முதலிலேயே அடைத்துவிட்டார். என் மனைவிக்கும் பொருந்தியது. அவள் பிறந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்தில் அதுதான், இப்போது தமிழாகிவிட்டது. வந்து பத்து வருடமாகியும் அவள் தமிழில் அளந்துதான் பேசுவாள். நாங்கள் எது சொன்னாலும் "சரிங்க" என்பாள். குணமான பொண்ணு என்று ஊரே சொல்லும்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சும்மா செய்துவிட முடியுமா? நாகரசம்பட்டிக்குப் போய் எங்கள் அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். ஆறு வயது என் மகள்தான் எடுத்தாள். பூசாரி பிரித்தார், வெள்ளை. அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டு அழுதார். பொங்கல் வைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தோம். என் மனைவி தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வார்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். "ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா. இனி எவன் தடுக்கறது?"

பாரூர்ப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா என் கட்டில் விரிப்பின் முனையைச் செருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சாமியக் கேட்டீங்க. நல்லது. அந்தப் புள்ளயக் கேட்டீங்களா?"

"அவ அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா."

"நின்னுக்கினு இருந்தது சரி. கேட்டீங்களா?"

"அதான் சரின்னு சொல்றாளே! டெஸ்ட்டுக்கெல்லாம் வர்றாளே!"

"கெடா வெட்டறப்ப மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு, அது ஒடம்ப சிலுப்பறவரைக்கும் கத்திய எறக்காம நிக்கறோமா இல்லியா தம்பி? வாயில்லாத ஜீவனுக்கே அப்பிடி."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க வேலைய பாருங்க அக்கா" என்று கத்திவிட்டேன். கத்தியதில் ரத்த அழுத்தம் ஏறி மிஷின் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். அக்கா பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஆபரேஷன் செய்யவிருந்த பெங்களூர் ஆஸ்பத்திரியில் என் மனைவியைத் தனியறையில் உட்காரவைத்து ஒரு பெண் டாக்டர் பேசினார். அரைமணி நேரம். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, "இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்" என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டதற்கு மழுப்பினார். திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளி எல்லையில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"நான்தாங்க சொன்னேன். பயமா இருக்குதுன்னு."

"என்னாடி சொல்ற? இத்தன நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"யாரும் கேக்கல. போன வாரம் ஓசூர் ஆஸ்பத்திரி கொழாயடில அந்த அக்கா தெலுங்குல கேட்டாங்க, 'நீக்கு இஷ்டமா அம்மா'ன்னு. 'பயங்கா உந்தி அக்கா'ன்னு சொல்லிட்டேன். சொன்ன அப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் இவ்வளவு பயந்துக்கிட்டு இருந்திருக்கேன்னு."

என் உயிர் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போய்விட்டது, அதைத் தட்டிவிட்டவள் தரை துடைக்கிற ஒரு பொம்பளை. அன்றைக்கு நான் நினைத்தது இதுதான். இப்போது எழுதக் கூசுகிறது, ஆனாலும் இதைத்தான் நினைத்தேன்.

மறுநாள் மிஷினில் ஏறுவதற்கு முன்னால் அக்காவைப் பிடித்தேன். "நான் சாகணும், அதுதான உங்களுக்கு வேணும்?" என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு எடை மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காரட்டுமா?" என்றார். அந்த நேரத்திலும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"எங்கூட்டுக்காரரு கல்லு பாலீஷ் போட்டவரு. நெஞ்செல்லாம் தூசி. மிஷின்ல மட்டும் போட்டுறாத, வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுன்னு சொல்லி வெச்சிருந்தாரு. மூச்சு முட்டனப்ப பெரியாஸ்பத்திரில எங்கிட்ட கையெழுத்து கேட்டாங்க. போட்டுட்டேன். யாரு போடமாட்டா? தொண்டையில கொழா வுட்டாங்க. அவருக்கு நெனவு இருந்துச்சு. கொழாயப் புடுங்கப் பாத்தாரு. கைய கட்டணும்னாங்க. கட்டறதுக்குப் புடிச்சுக் குடுத்தது நாந்தான் தம்பி. பதினேழு நாளு. எம்மேலயே கண்ண வெச்சுக்கினு இருந்தாரு. என்னா வேணும்னு ஒருதரம் கேட்டிருந்தா, கண்ணால சொல்லியிருப்பாரு. சொல்லிடுவாருன்னு பயந்துக்கினு நான் கேக்கவே இல்ல. மூஞ்சியத் திருப்பிக்கினேன்."

நான் முகத்தை எடை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மிஷினு தப்பில்ல. உன்ன வாரத்துக்கு மூணுதரம் அதுதான் காப்பாத்துது. நான் கேட்டதுக்கு அந்தப் புள்ள பதில் சொல்லுச்சு, அவ்வளவுதான். நீ இன்னும் கேக்கல. நீ போய்க் கேளு தம்பி. அம்மாவ வுட்டுக் கேக்காத, நீ கேளு."

நான் கேட்கவில்லை. நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். நோயாளி குடும்பத்தில் தலையிட்டு ஆபரேஷனைக் கெடுத்தார் என்று ஒரு முழுப்பக்கம் எழுதிக்கொடுத்தேன். பெயர் எழுதவேண்டிய இடத்தில் அந்த அட்டையில் இருந்த பெயரை எழுதினேன். கம்பெனியில் எத்தனை பேருக்கு மெமோ எழுதிய கை!

நான்காம் நாள் சனிக்கிழமை. நான் மிஷினில் கிடந்தேன். அக்கா சீருடை இல்லாமல் சாதாரணச் சேலையில் வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். பாரூர்ப் பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா போற?" என்று அழுதார். பேச்சில்லாதவரின் கட்டிலுக்குப் போய் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"போயிட்டு வரட்டுமா தம்பி?"

நான் டிவியைப் பார்த்தேன். தளபதி ஏதோ பேசிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார், எப்போதும் நிற்பதுபோல. ஓரக்கண்ணில் கட்டைப்பையின் காது தெரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது தெரியவில்லை.

அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். உப்பும் தண்ணியும் அளந்து எடுத்துக்கொள்கிற எங்களுக்கு முன்னால் தினம் ஒரு பாயசம் செய்துகாட்டினார்கள். பாரூர்ப் பெரியவர் அடுத்த பொங்கலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். சிறுநீரகத்துக்காக அரசாங்கப் பட்டியலில் என் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யாரோ ஒருவர் இறந்திருப்பார், அவர் வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் நினைத்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் இப்படி நினைக்கிறவன் இல்லை நான்.

போன வருடம் கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது குருபரப்பள்ளியில் இறங்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான். ரோட்டோரம் டீக்கடை, டயர்க்கடை, பழக்கடை என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். "ஓசூர் ஆஸ்பத்திரில வேல செஞ்சாங்க, ஐம்பது வயசுக்கு மேல இருக்கும், கையில முள்ளு கிழிச்ச கோடு இருக்கும்." ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பேரு என்னாங்க?"

வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றரை வருடம் என்னைத் தூக்கி நிறுத்தியவர். மெமோவில் எழுத ஒரு பெயர் கிடைத்தது, தேட ஒன்றும் இல்லை. ஒரு பழக்கடைக்காரர், "பேரு தெரியாமயா தேடி வந்தீங்க?" என்று மேலும் கீழும் பார்த்தார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

இந்த ஆடி மாதம் என் மனைவிக்குத் தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை. அளவும் கூடுதல்தான். மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தவள், ஆட்டோவுக்கு நிற்கும்போது மெதுவாகச் சொன்னாள். "இனிமே நான் நெனச்சாலும் குடுக்க முடியாதுங்க. டாக்டரக் கேட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வேண்டாம் என்றவள் என்றுதான் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மனசுக்குள் பொருமிக்கொண்டு, அவள் அளந்து கொடுக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு.

"அத எதுக்கு டாக்டரக் கேட்ட? நீதான் வேணாம்னு சொல்லிட்டியே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எப்பங்க வேணாம்னு சொன்னேன்? பயமா இருக்குதுன்னுதான சொன்னேன்."

ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் சரியாகக் கேட்கவேண்டுமே என்று கிட்டே போனேன். "அன்னிக்கு நான் வந்து உன்னக் கேட்டிருந்தா?" என்றேன். எங்கள் கல்யாணத்திலிருந்து எண்ணிப் பார்த்தால், பதில் தெரியாமல் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, அந்த அக்கா நிற்பதுபோலவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாத்திரைச் சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள். வந்து நின்ற ஆட்டோவைக் கையைக் காட்டிப் போகச் சொன்னாள்.

"நீங்க கேப்பீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். "பயந்துக்கிட்டே குடுத்திருப்பேன்."